வகுப்பே சிரித்ததற்கு என் மகள் ஒருத்திதான் காரணமா?

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி எதையும் நான் போடவில்லை, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 13 வயது, அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்துபோனதற்காகக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மௌன அஞ்சலி. எல்லோரும் தலைகுனிந்து நிற்கையில் பின்வரிசையில் ஒரு பிள்ளைக்கு விக்கல் எடுத்திருக்கிறது. ஒருமுறை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. இவர் மகள் உதட்டைக் கடித்துப் பார்த்திருக்கிறாள், துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறாள், அடங்கவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளை, அதைப் பார்த்து அடுத்த பிள்ளை என்று வரிசை முழுக்கப் பரவி இருபது, இருபத்தைந்து பேர் சிரித்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதே விட்டார்கள். அடுத்த வாரம் வகுப்பில் பரீட்சை எழுதும்போது ஒருமுறை, அப்புறம் பஸ்ஸில் ஒருமுறை இதேபோல நடந்திருக்கிறது.

பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுதான் ஆரம்பிச்சு வெக்கிறா, டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டாங்க, இல்லைன்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார், காத்துப் பட்டிருக்கிறது என்று பூசாரியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார், வரும் அமாவாசைக்கு வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டிவிட வேண்டும் என்கிறார். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் கணவர், படிப்பை நிறுத்திவிட்டு மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று போனில் சொல்கிறார். அம்மாவுக்கு இன்னொரு பயமும் உண்டு. அவர் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். "ஏழெட்டுப் பேர் வட்டமா உக்காந்து வேலை செய்வோம், ஒருத்தி சிரிச்சாப் போதும், எதுக்குன்னே தெரியாம எல்லாரும் சிரிப்போம், என் பழக்கம்தான் பொண்ணுக்கும் வந்திடுச்சா" என்று கேட்டிருக்கிறார். இது மனநோயா, மாத்திரை உண்டா, பள்ளி டி.சி. கொடுக்கலாமா என்பவை மற்ற கேள்விகள்.

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு முன்னால், கேள்வியாக இல்லாமல் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். "இப்பல்லாம் வீட்ல சிரிக்கிறதே இல்லை டாக்டர், டிவியில காமெடி வந்தாக்கூட எந்திரிச்சுப் போயிடறா, பேசும்போது வாயைக் கையால மூடிக்கிறா." கடிதம் முழுக்கப் படித்தபோது என் மனதை உறுத்தியது இதுதான். பள்ளியிலும் பஸ்ஸிலுமாக மூன்று தடவை சிரித்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள், இந்தப் பிள்ளை சிரிப்பதையே விட்டுவிட்டதைப் பற்றி உங்களைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளிடம், என்னம்மா நடந்தது, உனக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அப்படி ஒரு இடத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

சிரிப்பு ஏன் பரவுகிறது

வேடிக்கையான ஒன்றைக் கேட்டால்தான் சிரிப்பு வரும் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பள்ளியில் கோபப்பட்டதற்கும் அதுதான் காரணம். ஒரு மனிதர் இறந்திருக்கிறார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் சிரிப்பு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ப்ரொவைன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், சிரிப்பையே பல வருடம் ஆராய்ந்தவர். அவரும் மாணவர்களும் பொது இடங்களில் ஜனங்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு, யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார்கள். அதில் ஜோக் என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பிறகு வந்த சிரிப்பு 20 சதவீதம்கூடத் தேறவில்லை. மீதியெல்லாம் சரி வரட்டுமா, அப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி சாதாரணப் பேச்சுக்கு வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட ஆள் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்பதையும் அவர் கண்டார். அதாவது, சிரிப்புக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் ஒரு ஆள். ஜோக் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

நம் பக்கத்தில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கோமாளியாக வரும் கட்டியங்காரன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஏதோ சொல்வான், அவர்கள் சிரிப்பார்கள், அது அப்படியே பின்னால் போய்க் கடைசியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடப்பவரும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். சிரித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொன்னான் என்று கேட்பார். அமெரிக்க டிவிக்காரர்கள் 1950களிலேயே இதைப் புரிந்துகொண்டு, பதிவுசெய்த சிரிப்புச் சத்தத்தை நிகழ்ச்சிகளில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு நம் டிவியிலும் அந்தச் சத்தம் வருகிறது, நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த சோஃபி ஸ்காட்டும் மற்றவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குச் சிரிப்பு, வெற்றி ஆரவாரம், அலறல், குமட்டல் என்று பலவிதச் சத்தங்களைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தசைகளை அசையத் தயார்ப்படுத்தும் மூளைப் பகுதி இந்தச் சத்தங்களைக் கேட்டதுமே விழித்துக்கொண்டது. அலறலுக்கும் குமட்டலுக்கும் அது விழித்ததைவிடச் சிரிப்புக்கும் ஆரவாரத்துக்கும் அதிகமாக விழித்தது. அவர்கள் சிரிக்கவில்லை, சும்மா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்கள், ஆனாலும் முகம் சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. உங்கள் மகளின் தோள் குலுங்கியதைப் பார்த்த பக்கத்துப் பிள்ளை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பே அவள் உடம்பு பாதித் தூரம் போயிருக்கும்.

இன்னொன்று. நாமாக வேண்டுமென்று சிரிப்பதற்கு மூளையில் ஒரு வழி, தானாகப் பொங்கி வரும் சிரிப்புக்கு வேறொரு வழி. பக்கவாதம் வந்து முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட சில நோயாளிகளிடம், கொஞ்சம் சிரியுங்கள் என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும். அவர்களே பேரப்பிள்ளையைப் பார்த்துத் தன்னை அறியாமல் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் சரியாக விரியும். தானாக வரும் சிரிப்பு மூளையின் ஆழத்திலிருந்து, பேச்சைவிடப் பழமையான இடத்திலிருந்து கிளம்புகிறது. விளையாடும்போது சிம்பன்சிகள்கூட மூச்சிரைக்கிற மாதிரி ஒருவிதமாகச் சிரிக்கின்றன. குழந்தை ஒரு வார்த்தை பேசுவதற்கு வெகுமுன்பே, மூன்று நான்கு மாதத்திலேயே வாய்விட்டுச் சிரிக்கிறது. அதனால் சிரிக்காதே என்று அதட்டி அதை நிறுத்துவது கஷ்டம். 13 வயதில் இன்னும் கஷ்டம், ஏனென்றால் உணர்ச்சியை அடக்கிப் பிடிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயது தாண்ட வேண்டும்.

மௌன அஞ்சலியில் ஏன் அப்படி வெடித்தது என்று பாருங்கள். எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள், அசையக்கூடாது, சத்தம் வரக்கூடாது. அந்த அமைதியில் ஒரு விக்கல் எவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்டிருக்கும்! கேட்ட ஒவ்வொரு பிள்ளையும் அடக்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவளும் அடக்குகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அடக்க அடக்க விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசையும் வயிற்றுத் தசையும் துடிக்கும், தோள் குலுங்கும், மூக்கு வழியாகக் காற்று பீறிடும். அப்புறம் அதுவே அடுத்தவளுக்குச் சிரிப்பாகிவிடும். இறந்துபோன ஆசிரியருக்கு அவமரியாதை செய்ய வேண்டும் என்று அந்த வரிசையில் ஒரு பிள்ளைகூட நினைத்திருக்காது. அழுதுவிட்ட இரண்டு பிள்ளைகளும் அதற்குச் சாட்சி, தப்பு செய்கிறோம் என்ற பயத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், யார் ஆரம்பித்து வைத்தது? விக்கல் எடுத்த பிள்ளையா? உங்கள் மகளா? அவளைப் பார்த்துச் சத்தம் வரச் சிரித்த பிள்ளையா? உங்கள் மகள் வீட்டில் தனியாக ஒரு விக்கல் சத்தத்தைக் கேட்டிருந்தால் லேசாகச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இருபத்தைந்து பேருக்கும் தொண்டை வரை வந்து நின்றிருந்த ஒன்று இவளிடம் முதலில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். அதோடு, முன்பின் தெரியாதவர் சிரிப்பைவிட நமக்குப் பழகியவர், பிடித்தவர் சிரிப்பு சீக்கிரம் தொற்றும். இவள் சிரித்தால் வகுப்பு சிரிக்கிறது என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு இவளைப் பிடித்திருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். ஆசிரியர்கள் இந்தக் கோணத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உங்களைப் பற்றிய பயத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். புளி தட்டுகிற இடத்தில் நீங்கள் சிரிப்பது கெட்ட பழக்கமும் இல்லை, மகளுக்கு நீங்கள் கொடுத்த நோயும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்தால் இடுப்பும் விரலும் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத்தான் தெரியும். சேர்ந்து சிரித்தவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் குழுவினர் 2012இல் எழுதினார்கள். நெருங்கிய நண்பர்களோடு காமெடி பார்த்துச் சிரித்தவர்களின் மூளையில், உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகள் வெளிப்படுவதைப் பின்லாந்தில் துர்க்கு நகரத்து ஆய்வாளர்கள் 2017இல் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். அந்த வட்டத்தில் சிரிப்பு ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போவதால்தான் அந்த வேலையைச் சாயந்திரம் வரை இழுக்க முடிகிறது.

1962இல் ஒரு பள்ளியில் நடந்தது

யாராவது உங்களிடம், ஆப்பிரிக்காவில் ஒரு ஊரே மாதக்கணக்கில் விடாமல் சிரித்ததாம் என்று சொல்லிப் பயமுறுத்தலாம், செல்போனில் அந்தக் கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய தாங்கனிக்கா, இன்றைய தான்சானியா. விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையோரம் புக்கோபா பக்கத்தில் கஷாஷா என்ற ஊர், அங்கே மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளி. 1962 ஜனவரி 30ஆம் தேதி மூன்று மாணவிகளிடம் சிரிப்பு ஆரம்பித்தது, 159 பேரில் 95 பேருக்கு வந்தது, ஆசிரியர்கள் ஒருவருக்கும் வரவில்லை. மார்ச் 18ஆம் தேதி பள்ளியை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். போன இடங்களில் அது இன்னும் பரவியது, ன்ஷாம்பா என்ற ஊரில் மட்டும் 217 பேர். மே மாதம் பள்ளியைத் திறந்தார்கள், மறுபடி வந்தது, மறுபடி மூடினார்கள். ரத்தம், சாப்பாடு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தும் கிருமியோ விஷமோ எதுவும் கிடைக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை.

அவர்கள் யாரும் விடாமல் சிரிக்கவில்லை, விட்டு விட்டுத்தான் வந்தது. சந்தோஷச் சிரிப்பும் இல்லை, அழுகையும் பயமும் படபடப்பும் கலந்தே வந்தன. வாய்திறந்து எதையும் சொல்ல முடியாத இடத்தில், கண்டிப்பான விடுதியில், மனதில் ஏறிய பாரம் உடம்பு வழியாக வெளியேறி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது என்றுதான் பின்னால் ஆராய்ந்தவர்கள் விளங்கிக்கொண்டார்கள். உங்கள் மகள் பள்ளியில் நடந்தது இந்த அளவுக்கு இல்லை. மூன்று தடவை, ஒவ்வொன்றும் சில நிமிடம், அதுவாக அடங்கியிருக்கிறது. ஆனால் இதிலிருந்து பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயமுறுத்துவதும், எல்லோர் முன்னாலும் நிறுத்தி விசாரிப்பதும், யார் முதலில் என்று தேடுவதும், வீட்டுக்கு அனுப்புவதும் இதை அடக்காது, வளர்க்கும். இரண்டாம் முறை பரீட்சை நேரத்தில் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவள் இன்றைக்குச் சிரிப்பாளா என்று வகுப்பே இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும், அந்தப் பார்வை ஒன்றே போதும்.

எது நோய், எது நோயில்லை

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் இல்லை. கூட்டாளிகள் இருக்கும்போது மட்டும் வருகிறது, காரணம் ஒன்று இருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது, பிறகு வெட்கப்படுகிறாள், படிப்பில் குறைவில்லை. இதற்கு மாத்திரை கிடையாது, தேவையும் இல்லை. மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சிரிப்பே நோயின் அறிகுறியாக வருவதும் உண்டு, அபூர்வம், ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒருவகை வலிப்பு நோயில் கைகால் இழுக்காது, சிரிப்புதான் வரும். யாரும் இல்லாதபோது, காரணமே இல்லாமல், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப, தூக்கத்தில்கூட வரலாம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண் நிலைகுத்தி நிற்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது, சிரிப்பில் சந்தோஷமும் இருக்காது, சிலருக்கு என்ன நடந்தது என்று நினைவே இருக்காது. மூளையின் ஆழத்தில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் பிறவியிலேயே இருக்கும் சிறு கட்டியால் இப்படி வருவதுண்டு. இதில் ஏதாவது ஒன்றை உங்கள் மகளிடம் பார்த்தால் தள்ளிப்போடாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு வாயால் சொல்வதைவிட அது உதவும்.

நோய் இல்லை என்றாலும் அவளை ஒருமுறை மனநலப் பிரிவுக்குக் கூட்டிவரச் சொல்வேன், சிரித்ததற்காக இல்லை, இப்போது அவள் ஒடுங்கிப்போயிருப்பதற்காக. தூக்கம், சாப்பாடு குறைந்திருக்கிறதா, பள்ளிக்குப் போகக் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாளா, செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஏதாவது பேசுகிறாளா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே வாருங்கள், வருகிற வரை அவளைத் தனியாக விடாதீர்கள். ராத்திரியாக இருந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

டி.சி. விஷயம்

உங்களுக்கு உரிமை இருக்கிறது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2009, பிரிவு 16 என்ன சொல்கிறது என்றால், எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது. பிரிவு 17 அடிப்பதையும் மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பெற்றோரே கேட்டால் டி.சி. கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் "சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்கிறேன்" என்று எழுதிய தாளையோ, வெற்றுத் தாளையோ நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எடுத்ததும் புகார் என்று கிளம்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதே பள்ளியில்தான் பிள்ளை படிக்கப்போகிறாள், தலைமையாசிரியர் நிலையிலும் அன்றைக்கு என்ன சங்கடம் இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும், இறந்தவரின் குடும்பத்தார் காதுக்குப் போயிருந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை, இருந்தாலும் மருத்துவமனையில் பரிசோதித்து, நோய் எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் பேச்சு சுலபமாகும். போகும்போது வகுப்பாசிரியரை முதலில் பாருங்கள். கேட்க வேண்டியது இரண்டுதான். இவளையும் சேர்ந்து சிரிக்கும் தோழிகளையும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி இடம் மாற்றி உட்கார வையுங்கள், மறுபடி சிரிப்பு வந்தால் பெயர் சொல்லி அதட்டாமல், தண்ணீர் குடித்துவிட்டு வா என்று ஐந்து நிமிடம் வெளியே அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அன்றைக்குச் சிரித்த எல்லோருமாகச் சேர்ந்து கேட்கட்டும், அது நல்லதுதான், இவளை மட்டும் மேடையில் ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியும் பிடிவாதம் பிடித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், உங்கள் ஊர்க்காரர்களே இருப்பார்கள். அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு, அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

மாமியாரும் கணவரும்

கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக மாமியாரிடம் சண்டை வேண்டாம். பேத்தி மேல் இருக்கும் பாசத்தில்தான் செய்கிறார். ஆனால் அமாவாசைக்குக் கூட்டிப்போகும் இடத்தில் என்ன செய்வார்கள் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்டையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது என்று எது இருந்தாலும் விடாதீர்கள். அது பிள்ளையைச் சித்திரவதை செய்வது, சிறார் நீதிச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமும்கூட. இந்த இடத்தில் பணிந்து போகாதீர்கள். "அத்தை, பெரியாஸ்பத்திரியில ஒருதடவை காட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். பரிசோதனைக்கு அவரையும் கூட்டி வந்தால் நேரிலேயே பேசிக்கொள்ளலாம், நான் பார்த்தவரை பாட்டிமார்கள் கேட்கமாட்டார்கள் என்பதெல்லாம் இல்லை, யாராவது மரியாதையாக உட்கார வைத்துச் சொன்னால் கேட்கிறார்கள்.

கணவர் சொன்னதுதான் எனக்குக் கூடுதல் கவலை. மாமன் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று நீங்கள் எழுதவில்லை. கொஞ்சநாள் இடம் மாறி இருக்கட்டும் என்றால்கூடப் படிப்பை நிறுத்திவிட்டுப் போகக்கூடாது, நிறுத்திய படிப்பை மறுபடி தொடர்வது நம் மாவட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணப் பேச்சு என்றால், 18 வயதுக்கு முன் செய்வது 2006ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், செய்து வைக்கிறவர்கள் எல்லோருக்கும் தண்டனை உண்டு. அப்படி ஒரு பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நீங்களே கூப்பிடலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. கணவரைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறார், போனில் பாதிச் செய்திதான் போயிருக்கும், பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பார். முழுதாகச் சொல்லுங்கள். இருபத்தைந்து பேர் சிரித்தார்கள் என்று சொல்லுங்கள்.

மகளிடம்

திட்டவும் வேண்டாம், இனிமேல் சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கவும் வேண்டாம். உன்மேல் தப்பில்லை என்று வாய்திறந்து ஒருமுறை சொல்லுங்கள். அப்புறம், அடக்க வேண்டிய இடத்தில் எப்படி அடக்குவது என்று சொல்லிக்கொடுங்கள், அது வெறும் பயிற்சிதான். சிரிப்பு வரும்போல இருந்தால் முதல் வேலை, தோழியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. கண்ணைத் தரையில் ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு, மூச்சை மூக்கு வழியாக மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். சிரிப்பு என்பதே மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுவதுதான், நீளமாக விடும் மூச்சில் அதற்கு இடமில்லை. மூச்சை உள்ளே பிடித்து வைத்தால் வெடித்துவிடும், அதைச் செய்யக்கூடாது. உதட்டைக் கடிப்பதும் துணியை வாயில் அடைப்பதும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் காட்டிக்கொடுக்கும். மீறி வந்துவிட்டால் கையைத் தூக்கி, டீச்சர் வெளியே போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், இதை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் புளி தட்டுகிற இடத்துக்குச் சும்மா கூட்டிப்போங்கள், வேலை செய்ய இல்லை, உங்கள் பக்கத்தில் உட்கார. அங்கே யாராவது சிரிப்பார்கள், எப்படியும் சிரிப்பார்கள். அப்போது அவள் முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள், சிரிக்கிறாளா என்று கேட்கவும் வேண்டாம். அன்றைக்குச் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பார்த்தும் வாயை மூடிக்கொள்வது மாறவில்லை, பள்ளிக்குப் போகத் தயங்குகிறாள் என்றால் மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். வரும்போது அவளுக்கு விருப்பமானால் மட்டும், அன்றைக்கு நடந்ததை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள்.